கடைசி வரைக்கும் திருப்புங்க, சிஸ்டர்

செருப்புக் கடையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வருஷம் அதே கடையில் விற்பனைப் பெண். "ஊரார் காலைப் பிடிச்சே பொழச்சவ" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பொய்யில்லையே. வந்தவரை முக்காலியில் உட்கார வைத்து அளவுப் பலகையில் பாதத்தை வைப்பாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு தடவை அளப்பாள். உடம்பின் பாரம் இறங்கினால் கால் விரியும், உட்கார்ந்தபடி வாங்கிய செருப்பு நடந்தால் கடிக்கும் என்பது அவள் கட்சி.

கடை போன மூன்றாவது வாரம் அக்காவின் புருஷன் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி இருந்தது. இரண்டு கார், ஒரே அறையில் ஆபீஸ், சுவர் நிறைய சாலைக் குறிகள்.

“பொம்பளைங்க நிறைய பேர் கத்துக்க வராங்க. சொல்லித் தரவும் ஒரு பொம்பளை இருந்தா தேவலைன்னு கேக்கறாங்க. உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே?”

“இருக்கு அத்தான். ஆனா எனக்கே ரிவர்ஸ் ஒழுங்கா வராது.”

“ரொம்ப நல்லது. வராதவங்க கஷ்டம் உனக்குப் புரியும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னது பலித்தது. மூன்று மாதம் அவளே மாணவியாக உட்கார்ந்து பழகி, பயிற்சியாளருக்கான தேர்வையும் எழுதி முடித்தாள். அதற்குப் பிறகு நான்கு வருஷமாக எல்லோருக்கும் அவள் டீச்சர். பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று இருந்த பிரேக்கில் ஒரு கால், மடியில் நோட்டு. வண்டி குலுங்கி நின்றால் திட்ட மாட்டாள். “பரவாயில்ல, இன்னைக்கு மூணு தடவைதான் நின்னுச்சு, நேத்து ஏழு” என்பாள். கைநடுக்கத்தோடு வந்தவர்கள் அவளிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அத்தான் டயர் மாற்றினார்.

அவள் ஓட்டும் வெள்ளைக் காரில் டயர் தேய்ந்து போயிருந்தது, மாற்ற வேண்டியதுதான். அத்தான் ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு, டயரோடு வீலையும் சேர்த்து மாற்றிவிட்டார். பழைய இரும்பு வீல்களை வாங்கிய கடையிலேயே கொடுத்தாயிற்று. வந்து நின்றதோ பளபளவென்று நட்சத்திர வடிவத்தில் அலாய் வீல், அதன்மேல் அகலமான டயர். கார் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

“எப்படி?” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“மாப்பிள்ளை மாதிரி இருக்கு அத்தான்” என்றாள். அது மனசாரச் சொன்னதுதான்.

மாப்பிள்ளைக்கு மறுநாளே தொண்டை கட்டியது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பினால் முன்பக்கத்திலிருந்து ‘சர்ர்ர்க்’ என்று ஒரு சத்தம். நேராக்கினால் நின்றுவிடும். அத்தானிடம் சொன்னாள். “புது டயர் அப்படித்தாம்மா. ஓட ஓடப் பழகிடும்” என்றார். டயர் பழகவில்லை, மனிதர்கள்தான் பழகிக்கொண்டார்கள். ஸ்டியரிங்கை முக்கால்வாசி திருப்பியதும், “போதும், கடைசி வரைக்கும் திருப்பாதீங்க” என்று மாணவர்களை நிறுத்த ஆரம்பித்தாள் அவள். முக்கால் திருப்பில் தெருவில் ஓட்டிவிடலாம். தேர்வு மைதானத்தில் கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்துத் திருப்புவதற்கு முழுத் திருப்பு வேண்டும். அதை அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசிக்க விரும்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த நர்ஸ் வந்து சேர்ந்தாள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், அவசரமென்றால் அங்கேயே பிரசவம் பார்ப்பதும் அவள் வேலை. எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்; டீச்சரும் அப்படித்தான். ஒருநாள் சிஸ்டர் ஒரு பிரசவத்துக்குக் கிளம்பி, பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது, குழந்தை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் கதவருகே வெளிறிப்போய் நின்ற அந்தக் கணவனின் முகத்தைப் பார்த்த அன்றே கார் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டாள்.

“நூத்துக் கணக்குல குழந்தைங்களைப் பிடிச்ச கை டீச்சர் இது. ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாதா?” என்று முதல் நாள் சிரித்தாள்.

பிடிக்க முடிந்தது. கியர், கிளட்ச், மேடு, பள்ளம் எல்லாம் பதினைந்து நாளில் வந்துவிட்டது. சத்தம் ஒன்றுதான் அவளை அசைத்தது. ‘சர்ர்ர்க்’ என்று கேட்ட மாத்திரத்தில் கால் பிரேக்குக்குப் போய்விடும். “ஏதோ ஒண்ணு வலிக்கிற மாதிரி கத்துது டீச்சர்” என்பாள். அவள் தொழிலில் ஒரு சத்தம் கேட்டால் அதைக் கவனித்தே ஆக வேண்டும். கேட்காத மாதிரி இருக்க அவளால் முடியவில்லை.

முதல் தேர்வில், டீச்சர் சொன்னபடி முக்கால்வாசிதான் திருப்பினாள். வண்டி போதுமான அளவு வளையாமல் பின்பக்கம் கம்பத்தில் இடித்தது. இரண்டாம் தேர்வில் துணிந்து முழுவதும் திருப்பினாள். சத்தம் வந்தது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி நடுவழியில் அணைந்து நின்றது.

“இப்படி நிறுத்தக் கூடாதும்மா. இன்னொரு தடவை பாத்துக்கலாம்” என்று இன்ஸ்பெக்டர் தாளில் ஏதோ எழுதினார்.

திரும்பி வரும்போது டீச்சருக்கு எங்கிருந்தோ எரிச்சல் வந்தது. “சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டியரிங் என்ன உங்க எதிரியா? கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. அதனாலதான் சத்தமே வருது.”

எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொன்னாள். சிவப்பு விளக்கில் நின்றபோது சிஸ்டர் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. போன் செய்தபோது, “டியூட்டி ஜாஸ்தியா இருக்கு டீச்சர், அப்புறமா வரேன்” என்றாள். அந்த ‘அப்புறமா’வுக்குத் தேதி கிடையாது என்று யாருக்குத்தான் தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஓட்டிய மாணவர் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியபடியே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்க, சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத உள்பக்கம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. சேற்றைக் கழுவினால் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை, தேய்த்து மெருகேற்றின மாதிரி பளபளத்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் நார் நாராகக் கிழிந்திருந்தது. அதற்கு நேர் எதிரே டயரின் தோள்பட்டையிலும் அதே அகலத்துக்குத் தேய்மானம். நடுவில் சுண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

குழாயை மூடாமலே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் நினைவுக்கு வந்தது டயர் இல்லை, மடங்கி விரிந்த அந்த விரல்கள்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்; ஆடியவளோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கோணலைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய டீச்சர், ஆடத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். நான்கு வருஷமாகத் தினமும் பார்த்தும் படிக்காத ஸ்டிக்கர். அதில் டயர் அளவு 175/65 R14 என்று போட்டிருந்தது. கீழே டயரில் இருந்தது 195/60 R15. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு டயர் கடைக்குப் போனாள். டயர் மாட்டுகிறவர் முப்பது வயதுக்காரர். காதில் பென்சில், கை முழங்கை வரை கறுப்பு, வாயோ ஓயாது.

“இந்த மூணு நம்பரும் சேந்துதான் ஒரு டயர், அக்கா. முதல் நம்பர் அகலம், மில்லிமீட்டர்ல. நடு நம்பர் பக்கச் சுவரோட உயரம். ஆனா அது மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல நூத்துக்கு எத்தனைங்கறது. கடைசி நம்பர் உள்ள இருக்கற வீலோட குறுக்களவு, இன்ச்சுல. நிறைய பேர் முதல் நம்பரை மட்டும் பாத்துட்டு, இருபதுதானே கூடன்னு மாட்டிடறாங்க.”

அவள் கடை மேசையிலேயே கணக்குப் போட்டாள். வீலின் குறுக்களவோடு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் சேர்த்தால் சக்கரத்தின் முழு உயரம். கம்பெனி சொன்ன அளவில் ஐந்நூற்று எண்பத்துமூன்று மில்லிமீட்டர். இப்போது இருப்பதில் அறுநூற்றுப் பதினைந்து.

“மூணு சென்டிமீட்டருக்கு மேல கூடியிருக்கே!”

“விரலுக்கேத்த வீக்கம் வேணும்ல? இது கையையே தாண்டிடுச்சு” என்று சிரித்தார். “இன்னொண்ணும் இருக்கு. சக்கரம் பெரிசானா ஸ்பீடு முள்ளு குறைச்சுக் காட்டும். முள்ளு நாப்பதுல நிக்கும், நீங்க நாப்பத்திரண்டுல போயிட்டிருப்பீங்க.”

“பழைய வீல் இப்ப இல்லைங்க. கொடுத்துட்டாங்க.”

“வீல் இதே இருக்கட்டும். வீல் பெரிசானா சுவர் குள்ளமாகணும், அவ்வளவுதான். நூத்தி எண்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு, பதினஞ்சு. போட்டுப் பாருங்க கணக்கை.”

போட்டாள். ஐந்நூற்று எண்பத்துநாலரை. பழைய அளவுக்கும் இதற்கும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

“எவ்வளவு எடை தாங்கும்னு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், கம்பெனி சொன்னதுக்கு அது குறையக் கூடாது. இந்த டயருக்கும் கம்பெனி டயருக்கும் அது ஒண்ணுதான். அப்புறம், வீல் எவ்வளவு வெளிய தள்ளி நிக்குதுன்னு ஒண்ணு இருக்கு. அது கணக்குல வராது. மாட்டி, திருப்பி, ஆள் ஏத்திப் பாத்துத்தான் சரின்னு சொல்லுவேன்.”

ஆள் ஏற்றி என்றதும் அவள் நிமிர்ந்தாள். செருப்புக் கடையில் எழுந்து நிற்கச் சொல்வது போலத்தானே? இதுவரை அவளும் மாணவரும் இரண்டு பேராகத்தான் அந்தக் காரில் போயிருக்கிறார்கள். ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் என்ன ஆகும்?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரையும் மகளையும் கூட்டிக்கொண்டு, ஆபீசை ஒட்டியிருந்த அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் நோட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, நோட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

“ஊருல எல்லாரும் இதைவிடப் பெரிசா மாட்டிக்கிட்டு ஓட்டறான். அவனுக்கெல்லாம் உரசலையா?”

“அவங்க எப்பவாவதுதான் முழுசாத் திருப்புவாங்க அத்தான். நமக்கு நாள் பூரா அதுதானே பொழப்பு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, எல்லாரும் வண்டியில ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பேசலாம்” என்றாள்.

மகள் கைவேலைக்கு வைத்திருந்த களிமண்ணை வாங்கி, நான்கு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டின் உள்பக்கம் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டினாள். அத்தான் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் வீட்டுக்காரர், மகள், அக்கா.

“நான் எதுக்குடி?” என்றாள் அக்கா.

“எடைக்கு.”

“எடைக்கா? கூடப் பிறந்தவளைக் கூப்பிடற லட்சணமா இது?”

“கோவிக்காதக்கா. உன்னை விட்டா இந்த வீட்ல வேற நம்பிக்கையான ஆள் இல்ல.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கார் ஆபீசுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியது. அப்போது பின்னாலிருந்து ‘சர்க்’ என்று கேட்டது. இதுவரை யாரும் கேட்டிராத இடம்.

“நான் அசையவே இல்ல” என்றாள் அக்கா அவசரமாக.

அத்தான் இறங்கினார். வெளுத்த பேன்ட்டோடு மண்ணில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தார். பின்சக்கரத்தின் மேல் ஒட்டிய களிமண் சப்பையாக நசுங்கி, டயரின் கோடுகள் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. முன்பக்கம் களிமண்ணே இல்லை; வழித்து எடுத்தாற்போல் போயிருந்தது. மறைப்பின் கிழிந்த இடத்தை விரலால் தடவினார். டயரின் தேய்ந்த தோளையும் தடவினார்.

“இது இப்படியே போனா டயர் வெடிக்குமா?”

“ஒருநாள் வெடிக்கலாம். அன்னைக்கு ஸ்டியரிங் யார் கையில இருக்கும்னு தெரியாது. கத்துக்க வந்தவங்க கையிலதான் இருக்கும்.”

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “அந்தப் பக்கம் புதுசா ஒரு பள்ளி ஆரம்பிச்சிருக்கான். எல்லாம் புது வண்டி. நம்ம வண்டியும் பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு பண்ணேன்மா” என்றார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர், அதை மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

“வீல் அப்படியே இருக்கும் அத்தான். பாக்கவும் நல்லாத்தான் இருக்கும்” என்றாள் அவள். அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

இரண்டு நாளில் டயர் மாறியது. தோள் தேய்ந்த முன் டயர் இரண்டையும் கழித்துவிட்டு, தேயாத பின் டயர்களை, அந்த அளவு பொருந்துகிற பெரிய வண்டிக்காரர் ஒருவருக்கு என்று கடைக்காரரே எடுத்துக்கொண்டார். முன்சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, இடைவெளியில் விரல் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. அக்கா இந்த முறை கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தாள். வேகத்தடையில் ஐந்து பேரோடு ஏறி இறங்கியபோது அவள் கைவளையல் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் டீச்சர் சிஸ்டரைத் தேடிப் போனாள். சுகாதார நிலையத்தின் பின்னறையில் சிஸ்டர் குழந்தைகளை நிறுக்கும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள். டீச்சர் உட்காரவில்லை.

“சிஸ்டர், உங்க கையில ஒண்ணும் குறையில்ல. டயர்தான் அளவு தப்பு. வண்டியில உரசிட்டிருந்துச்சு. நான் பாக்காம உங்க மேல பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

சிஸ்டர் துடைப்பதை நிறுத்தினாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு இல்லை.

“நீங்க சொன்னதுலேருந்து எனக்கே சந்தேகம் டீச்சர். போன வாரம் ஒரு பிரசவம். குழந்தையோட தலை வெளிய வர நேரத்துல, நான் ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறேனோன்னு திடீர்னு ஒரு நினைப்பு. இருபது வருஷத்துல எனக்கு அப்படித் தோணினதே இல்ல.”

டீச்சருக்குக் கண் கலங்கியது. ஊசி குத்தினால் வலிக்கும் என்று தெரியும். ஒரு வாய்ச் சொல் இவ்வளவு தூரம் போய்க் குத்தும் என்று அவள் நினைத்ததில்லை. தராசுக்குப் பக்கத்திலிருந்த துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அந்தக் குழந்தை நல்லா இருக்கா?”

“ஓ! ஊரையே கூட்டுச்சு” என்றாள் சிஸ்டர். இப்போது சிரித்தாள். “நீங்க அந்தத் துணியை விடுங்க, அது அழுக்குத் துணி. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

மறுநாள் மைதானத்தில் கம்பங்களுக்கு நடுவே வண்டி பின்னால் போனது. சிஸ்டர் பழக்க தோஷத்தில் முக்கால்வாசியில் நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

“கடைசி வரைக்கும் திருப்புங்க, சிஸ்டர்.”

திருப்பினாள். கண்ணை லேசாக இடுக்கிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். எஞ்சின் ஓடும் ஒலி மட்டும்தான் இருந்தது. வண்டி தண்ணீர் மாதிரி வளைந்து கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது. “அவ்வளவுதானா?” என்றாள் சிஸ்டர். “அவ்வளவுதான்” என்றாள் டீச்சர். அன்றைக்கு அதையே பதினாறு தடவை செய்தார்கள், சிஸ்டர்தான் விடவில்லை.

மூன்றாம் தேர்வில் கிளம்பும்போதே ஒருமுறை வண்டி அணைந்தது. டீச்சர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, ஒன்றும் இல்லாத தரையைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தாள். சிஸ்டர் நிதானமாக மறுபடி கிளப்பி, பின்னால் எடுத்து, முழுவதும் திருப்பி, கம்பத்தைத் தொடாமல் வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டர் தாளில் எழுதியதை இந்த முறை தூக்கிக் காட்டினார்.

எல்லாம் அப்படியே நேராகிவிடவில்லை. டயர் உரசிக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் இடையில் நின்றுபோன இன்னும் மூன்று மாணவர்களுக்கு டீச்சர் போன் செய்தாள். ஒருவர் திரும்பி வந்தார். ஒருவர் அந்தப் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தார். “பரவாயில்லைங்க, நல்லா ஓட்டுங்க” என்று வைத்துவிட்டாள். மூன்றாமவர், தனக்கு இந்தப் பிறவியில் கார் ஓட்ட வராது என்றார். அவருக்கு வாரம் ஒருமுறை போன் செய்வதென்று வைத்துக்கொண்டாள். ஐந்தாவது வாரம், “சும்மா ஒருநாள் வந்து பாக்கறேன்” என்று சொல்லியிருக்கிறார்.

இப்போதெல்லாம் அவளுடைய முதல் பாடம் காருக்கு வெளியேதான். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்வாள். டயரில் உள்ள மூன்று நம்பரையும் உரக்கப் படிக்கச் சொல்வாள். சக்கரத்தைத் திருப்பிவிட்டு உள்ளே குனிந்து பார்க்கச் சொல்வாள். சிலர் இதெல்லாம் மெக்கானிக் வேலை என்று முகம் சுளிப்பார்கள். “வண்டி ஓட்டறவங்க வேலைதான் இதுவும்” என்பாள். அத்தான் ஆபீஸ் கதவருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். போன மாதம் இரண்டாவது காருக்கு டயர் வாங்கப் போகும் முன், அவளைக் கூப்பிட்டு நோட்டைக் கேட்டார்.

சிஸ்டர் பழைய கார் ஒன்று வாங்கினாள். சாம்பல் நிறம், ஒரு பக்கக் கதவில் சின்னக் கீறல். வாங்கப் போனபோது டீச்சரும் கூடப் போயிருந்தாள். விற்கிறவர் இருக்கையின் துணியைப் பற்றியும் பாட்டுப் பெட்டியைப் பற்றியும் நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் முன்சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டிக்கரும் டயரும் ஒத்துப்போயின.

போன வியாழக்கிழமை நல்ல மழை. மேட்டுப் பாதையில், பஸ் போகாத ஒரு வீட்டிலிருந்து சிஸ்டருக்கு அழைப்பு வந்தது. மதியம் அங்கிருந்து அவள் டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் ஒரு புது மாணவியோடு, இன்னும் கிளம்பாத காரில் இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

“ரெட்டைக் குழந்தை டீச்சர்! ரெண்டும் பொண்ணு. நான் வந்து கையைக் கழுவி, ஒரு டீயும் குடிச்சு முடிச்ச பிறகுதான் வந்தாங்க மகாராணிங்க.”

பின்னணியில் இரண்டு குரல்கள் போட்டி போட்டுக்கொண்டு அழுதன. புது மாணவி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பத்திரமா இறங்கி வாங்க, ரோடு வழுக்கும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தாள். பிறகு மாணவியின் பக்கம் திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளச் சொன்னாள்.